கதைப் பெட்டியும் மைக் அண்ணாச்சியும்

கதை கேட்பதற்கு மாதச் சம்பளம் தருகிறார்கள் என்பதை என் மாமியார் இன்றுவரை நம்பவில்லை. எட்டு வருஷம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தவள், திடீரென்று தோள்பையில் ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

என் வேலை இதுதான். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு மக்கள் தொடர்பு மையம் இருக்கிறது. பல்கலைக்கழக வாசலை மிதித்தே இராத ஆட்களிடம் போய், அவர்கள் வாழ்க்கையில் நடந்ததைக் கதையாகக் கேட்டு வாங்கி, உள்ளே இருக்கிறவர்களைக் கேட்க வைக்க வேண்டும். பிறகு கதை சொன்னவர்களையே உள்ளே அழைத்து வர வேண்டும். அப்படிச் செய்தால் ஊருக்கு என்ன தேவை என்று படித்தவர்களுக்குப் புரியும், பல்கலைக்கழகம் தங்களுக்கும் உரியது என்று ஊருக்குப் புரியும் என்பது திட்டம். பதவியின் பெயர் களப்பணி ஒருங்கிணைப்பாளர். ஆனால் தென்காசிப் பக்கம் கையில் ஃபைல் வைத்திருக்கிற பெண்கள் எல்லோரும் டீச்சர்தான். நானும் டீச்சர் ஆகிவிட்டேன்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த மாதிரி வேலை பார்க்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், நீங்களே தலையாட்டிக்கொள்ளுங்கள்.

சாரலில் ஒரு கூட்டம்

எங்கள் மையத்தின் தலைவர் ஒரு பேராசிரியர். கோயம்புத்தூர்க்காரர், தங்கமான மனிதர். வந்த முதல் வருஷமே, "குற்றாலத்தில் ஒரு கதைக்கூட்டம் வைப்போம். ஜூலையில் வைத்தால் சாரல் அடிக்கும், நன்றாக இருக்கும்" என்றார். ஜூலை என்றால் சீசன். குற்றாலத்துக்காரர்கள் வருஷம் முழுக்கச் சாப்பிடுவதற்கு அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் ஓடியாட வேண்டும். லாட்ஜில் அறை கூட்டுகிறவர்கள், ரம்புட்டான் பழம் விற்கிறவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் என்று யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. பிறந்ததிலிருந்து தென்காசியில் இருக்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். புது வேலை, வாயைத் திறக்கப் பயம். முப்பது பிளாஸ்டிக் நாற்காலிக்குச் சொல்லி வைத்தேன்.

முப்பது நாற்காலியிலும் சாரல்தான் உட்கார்ந்தது. ஒருவரும் வரவில்லை. பேராசிரியர் மனம் தளராமல், நானே போய் அழைக்கிறேன் என்று அருவிக்குப் போகிற சாலையில் இறங்கினார். எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற செல்லையா அண்ணாச்சி, "வாங்க சார், படுங்க. படுத்துக்கிட்டே பேசுவோம்" என்று பலகையைக் காட்டினார். மறுக்கத் தெரியாத மனிதர், படுத்துவிட்டார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

தோளில் நாலு பிடி பிடித்ததும் பேராசிரியர் பேச ஆரம்பித்தார். முதன்முதலில் கல்லூரி விடுதிக்குப் போனபோது சாப்பாட்டு மேஜையில் ஸ்பூனை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல், மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று பயந்து, மூன்று நாள் வாழைப்பழம் மட்டும் தின்றாராம். இதை அவர் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் எண்ணெய் வழியும் முகத்தோடு எழுந்து, "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்றார். செல்லையா அண்ணாச்சி அடுத்த ஆளுக்குப் பலகையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"சார் சொன்ன கதை நல்லா இருந்துச்சு டீச்சர், எழுதிக்கிட்டீயளா? எங்கதை வேணும்னா அருவில தண்ணி நின்ன பொறவு வாங்க."

சல்மாவுக்குப் போன கதை

பல்கலைக்கழகத்தில் ஒரு விதி உண்டு. கதை சொல்கிறவர்களுக்குப் பின்னால் எந்தச் சங்கடமும் வரக்கூடாது. ஆகவே பெயரை மாற்ற வேண்டும், தேவைப்பட்டால் ஊரையும் மாற்ற வேண்டும். இதற்காக எனக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல விதிதான். குறை சொல்லவில்லை.

கடையநல்லூரில் ஆயிஷா என்று ஒரு பெண், வீட்டிலேயே தையல் தைக்கிறவர், தன் கதையைச் சொன்னார். கணவர் துபாயில். தினமும் வீடியோ காலில் வருவார். ஆயிஷா போனை அடுப்படி அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டுச் சமைப்பார். அவர் அங்கே இருந்துகொண்டே, "உப்பு போட்டியா?" என்பார். பதினோரு வருஷமாக அந்த வீட்டுக் குழம்புக்கு உப்பு துபாயிலிருந்துதான் வருகிறது. சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டுக் கடைசியில், அலமாரி காலியாக இருக்கும்போது தனக்குச் சமைக்கவே தோன்றுவதில்லை என்றார்.

கதை சின்னப் புத்தகமாக வந்தது. விதிப்படி ஆயிஷா, சல்மா ஆகியிருந்தார். புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒரு டம்ளர் காப்பி கிடைக்கும் என்று நினைத்து. கிடைத்தது இதுதான்:

"அவுக போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லி வாசிச்சிட்டு, அந்தச் சல்மா யாரு, அவ மாப்பிள்ளையும் என்னைய மாதிரியே இருக்கான்னு கேக்காக. பதினோரு வருசம் நான் பட்டதைத் தூக்கிச் சல்மாக்குக் குடுத்துட்டீயளே டீச்சர்."

ஒன்பது வருஷ கேட்

அடுத்து, ஊர்க்காரர்களைப் பல்கலைக்கழகத்துக்குள் அழைத்து வருகிற படலம். வடகரையிலிருந்து பத்துப் பேரை வேனில் கூட்டிக்கொண்டு வந்தேன். நெல்லும் தென்னையும் வைத்திருக்கிறவர்கள், தென்னை ஏறுகிறவர்கள், களை எடுக்கிற இரண்டு பெண்கள். கேட்டில் காவலர் வண்டியை நிறுத்தி நோட்டை நீட்டினார். பெயர், ஊர், யாரைப் பார்க்க, எதற்காக. முதலில் எழுதினவர், எதற்காக என்ற இடத்தில் 'கதை சொல்ல' என்று எழுதினார். காவலர் அதைப் பார்த்துவிட்டு அவரையும் பார்த்தார். "இங்கன எல்லாரும் படிக்க வருவாங்க, வேலைக்கு வருவாங்க. கதை சொல்லன்னு எழுதினா எனக்கு வேலை போயிரும்" என்றார்.

நான் பேராசிரியருக்குப் போன் போட்டேன், அவர் கூட்டத்தில் இருந்தார். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே அழைத்து வருகிறேன் என்று சொல்லி வாசலில் நிறுத்துவதைவிட அழைக்காமலே இருந்திருக்கலாம். களை எடுக்கிற பெண்களில் ஒருத்திதான், "வயல்ல நிக்காத வெயிலா டீச்சர், விடுங்க" என்று என்னைத் தேற்றினாள். அனுமதி வந்து கேட் திறந்தபோது, காவலர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"நானும் வடகரைதான் டீச்சர். ஒம்போது வருசமா இந்த கேட்ல நிக்கேன், எங்கிட்ட ஒருத்தரும் ஒரு கதை கேக்கல."

அவர் கதையை அடுத்த வாரமே கேட்டு வாங்கினேன். அந்த நோட்டில் இப்போது கதை சொல்ல வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.

மிஷினிடம் சொன்னது

இனிமேல் சொல்லப் போவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம்.

தென்காசியில் மினி பஸ்கள் நிற்கிற இடத்தில் ஒரு தகரக் கூண்டு இருக்கிறது. அதற்குள் மைக்கோடு உட்கார்ந்திருப்பவர் பரமசிவன் அண்ணாச்சி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். பஸ் உரிமையாளர்கள் சேர்ந்து அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். எந்த வண்டி எந்த ஊருக்குப் போகிறது, எத்தனை மணிக்குப் புறப்படும் என்று அறிவிப்பது அவர் வேலை. பதினெட்டு வருஷமாக அந்தக் குரல்தான். சுந்தரபாண்டியபுரம் என்பதை, சுந்தரவில் நீட்டி இழுத்து, பாண்டியை முழுங்கி, புரத்தில் மலை ஏறுவார். கண்ணை மூடிக்கொண்டு பத்துக் குரலுக்கு நடுவில் கேட்டாலும் ஊரே சொல்லிவிடும், மைக் அண்ணாச்சி என்று.

அந்த நிலையத்தில் இன்னொரு சத்தமும் உண்டு. ஓட்டுநர்கள் வண்டியை உள்ளே திருப்பும்போதே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வடகரை, வடகரை" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வருவார்கள். அண்ணாச்சிதான் மைக்கில் சொல்லப் போகிறாரே, இவர்கள் எதற்குக் கத்துகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். ஓட்டுநர்கள் புத்தி அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தையல்கடை மாடியில் கதைக்கூட்டம் வைத்தோம். வழி தவறிய நாள் என்பது தலைப்பு. அண்ணாச்சி வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம், வண்டிகள் இல்லாத நேரத்தில், கூண்டுக்குள் இருந்து என்னைக் கூப்பிட்டார். ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தேன். "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன், நீங்களே வாசிச்சிருங்க டீச்சர்" என்றார். இந்த வேலையில் இருக்கிற நான் அந்த ஒரு வாக்கியத்திலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும். அவரைக் கண்ணாடியோடு நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அந்த மிஷினைப் போடுங்க. மனுசன்ட்ட சொல்ல முடியல, மிஷின்ட்ட சொல்லுதேன்" என்று ஆரம்பித்தார். "எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. போர்டுல என்ன எழுதிருக்குன்னு இன்னைக்கு வரை தெரியாது. வண்டி கலரை வச்சு, கண்ணாடில ஒட்டிருக்க சாமி படத்தை வச்சு, டிரைவர் மூஞ்சிய வச்சுதான் சொல்லுவேன். வேலைக்கு வந்து ரெண்டு வருசம் கழிச்சு ஒருநா, சுந்தரபாண்டியபுரம் வண்டி ரிப்பேர்னு அதுக்குப் பதிலா வடகரை வண்டி வந்துச்சு. டிரைவரும் மாறி இருந்தான். நான் பழைய நெனப்புல சுந்தரபாண்டியபுரம் போற அந்த வண்டிய வடகரைன்னு சொல்லிட்டேன். கைப்பிள்ளையோட ஒரு அம்மா ஏறிப் போயிட்டா. பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிலருந்து வீட்டுக்குப் போறவ. ரெண்டு மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்து டிரைவரைப் புடிச்சு ஏசினா. நான் இங்கன உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். எழுந்திருச்சுப் போயி, தப்பு எம்மேலன்னு சொல்லல. அந்தப் பிள்ளை என்னாச்சோன்னு இப்பவும் நெனைப்பேன். அதுக்குப் பொறவு எனக்கு ஒரு தப்பும் வரல. சாமி காப்பாத்துச்சு."

கருவியை நிறுத்தினேன். வேலை போனால் அவருக்கு வேறு பிழைப்பு தெரியாது. வீட்டில் மனைவிக்குக்கூட இது தெரியாதாம். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"எங்க வேணும்னாலும் போடுங்க டீச்சர். நாந்தான்னு மட்டும் தெரியப்படாது."

தெரியாது அண்ணாச்சி, அது என் பொறுப்பு என்று சத்தியம் மாதிரி சொன்னேன்.

காகிதத்தில் எல்லாம் சரி

பதிவை வெட்டித் தொகுத்தது ஓர் ஆராய்ச்சி மாணவி. ஓசூர்க்காரி, கெட்டிக்காரி. தென்காசிக்கு வந்து நாலு மாதம். ஸ்கூட்டர் வைத்திருந்ததால் மினி பஸ்ஸில் கால் வைத்ததில்லை. அண்ணாச்சி பெயரும் பஸ் போகிற ஊர்களின் பெயரும் வருகிற இடங்களை நீக்கினாள். ஆளின் பெயர் முருகையா, ஊர் செங்கோட்டை என்று மாற்றினாள். எழுத்தில் தட்டச்சு செய்து எனக்கு அனுப்பினாள். நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து இரண்டு தடவை வாசித்தேன். ஒரு இடத்திலும் அடையாளம் இல்லை. கையெழுத்துப் போட்டேன். பேராசிரியரும் வாசித்தார், அவரும் போட்டார்.

கவனித்தீர்களா? கதை கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிற நான், அந்தப் பதிவைக் கேட்கவில்லை. வாசித்தேன். மூன்று படித்த ஆட்கள் சேர்ந்து பெயரை மாற்றினோம், ஊரை மாற்றினோம். குரலை அப்படியே விட்டுவிட்டோம்.

இதற்கு நடுவில் கதைப் பெட்டி என்று ஒன்று செய்திருந்தோம். மரப்பெட்டி, உள்ளே ஸ்பீக்கர், மேலே ஒரு பொத்தான். அமுக்கினால் கதை ஓடும். மூன்று இடங்களில் வைப்பதாகத் திட்டம். எங்கே வைப்பது என்று முடிவு செய்த கூட்டத்துக்கு நான் போகவில்லை, சுந்தரபாண்டியபுரத்தில் என் நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து. மத்தியானம் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மாணவியிடமிருந்து போன். குரலில் அவ்வளவு சந்தோஷம்:

"மேடம், முதல் பெட்டியை வெச்சாச்சு! ஜனங்க அதிகமா காத்திருக்கிற இடமாப் பார்த்து, மினி பஸ் ஸ்டாண்ட்லயே வெச்சிட்டோம். முருகையா கதையைத்தான் முதல்ல போட்டிருக்கோம்."

இரண்டு பக்கமும் ஒரே குரல்

பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். போனில் மாணவியிடம் பெட்டியை எடு என்று சொன்னேன், அவள் அதற்குள் குற்றாலத்தில் இரண்டாவது பெட்டியை வைக்கப் போய்விட்டாள். மினி பஸ்ஸில், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலில் போட்டோ எடுக்க வந்த கூட்டம். நின்றுகொண்டே வந்தேன். வழி நெடுக ஒரே நினைப்புதான். ஒரு மனிதர் வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லாததை என்னை நம்பிச் சொன்னார், நான் அதை அவர் வேலை பார்க்கிற இடத்திலேயே ஸ்பீக்கர் வைத்துச் சொல்லிவிட்டேன்.

இறங்கினேன். ஒரு பக்கம் கூண்டிலிருந்து அண்ணாச்சியின் குரல், "சுந்தரபாண்டியபுரம் செல்லும் வண்டி இன்னும் பத்து நிமிடத்தில்" என்று. இன்னொரு பக்கம் நிழற்குடைத் தூணுக்கு அடியில் பெட்டியிலிருந்து அதே குரல், "எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது" என்று. பெட்டியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர், முக்கால்வாசி ஓட்டுநர்கள். முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் கணேசன். அவன் தன் சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவன். உரிமையாளர்கள் எல்லோரிடமும் வாங்கி அண்ணாச்சிக்குச் சம்பளம் கொடுக்கிறவனும் அவன்தான். மைக்குக்கு ஆள் வேண்டுமா வேண்டாமா என்பதில் அவன் சொல்வதுதான் முடிவு.

ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினேன். நிற்கும் என்று நினைத்தேன். அமுக்கினால் முதலிலிருந்து ஓடுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். "எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது" என்று மறுபடி தொடங்கியது. திரும்ப அமுக்கினேன், திரும்பவும் அதையே சொன்னது. கடைசியில் தேங்காய் பழம் முறுக்கோடு காதுகுத்து வீட்டுப் பையை ஸ்பீக்கர் மேல் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கூண்டில் மைக் நின்றுபோயிருந்தது. அண்ணாச்சி வெளியே வந்தார்.

என் முன்னால் வந்து நின்று, "நாந்தான்னு தெரியப்படாதுன்னு சொன்னேன்லா டீச்சர்" என்றார். சத்தம் போடவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குக் கண்ணீர்தான் வந்தது. அவர் கணேசன் பக்கம் திரும்பினார். "ஏலே கணேசா, நாளைலருந்து வேற ஆளு பாத்துக்கோ."

"எதுக்கு அண்ணாச்சி?"

"அதான் கேட்டேல்லா. எனக்கு எழுத்துத் தெரியாது."

"அது எங்களுக்குப் பதினாறு வருசமாத் தெரியும்லா" என்றான் கணேசன். "அன்னைக்கு அந்த அம்மாட்ட ஏச்சு வாங்கினது நாந்தான. மத்த நாளெல்லாம் சரியாச் சொல்லுத மனுசன், வண்டி மாறுன அன்னைக்கு மட்டும் ஏன் தப்பாச் சொன்னாருன்னு ரெண்டு நா யோசிச்சேன். மூணாம் நா புரிஞ்சிட்டு. பொறவு எல்லா டிரைவர்ட்டயும் சொன்னேன். அன்னைலருந்துதான் உள்ள வரும்போதே ஊரு பேரைச் சொல்லிக்கிட்டு வாரோம். நீங்க என்னன்னா சாமி காப்பாத்துச்சுன்னு மிஷின்ட்ட போயிச் சொல்லிருக்கீய. எங்க தொண்டைத் தண்ணி போனது என்னாவுது?"

நிழற்குடையில் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. பக்கத்துச் சிமெண்டுப் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். வேஷ்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "அப்பம் அந்தப் பிள்ளை?" என்று கேட்டார்.

"எந்தப் பிள்ளை?"

"காய்ச்சல் பிள்ளை."

கணேசன் என் பையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்:

"நல்லா இருக்கா அண்ணாச்சி. பிளஸ் டூ படிக்கா. தெனம் சாயங்காலம் வடகரை வண்டி வந்துட்டுன்னு நீங்கதான் மைக்ல கூப்பிட்டு ஏத்தி விடுதீய."

முருகையா யாரு?

அன்றைக்கு எனக்கு வந்த ஆறுதலை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு நடந்துதான் வந்தேன், வந்து இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தேன். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நாங்கள் தப்பித்தது எங்கள் புத்தியால் இல்லை. அந்த ஓட்டுநர்கள் வேறு மாதிரி ஆட்களாக இருந்திருந்தால், ஒரு மனிதரின் பிழைப்பை நாங்கள் கெடுத்திருப்போம்.

இரண்டு நாள் கழித்து நானும் பேராசிரியரும் மாணவியும் மன்னிப்புக் கேட்கக் கூண்டுக்குப் போனோம். கையில் ஆப்பிள் பை, மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை. இனிமேல் எந்தப் பதிவையும் காதால் கேட்காமல் வெளியிடுவதில்லை, அதுவும் முதலில் கதை சொன்னவருக்கே போட்டுக் காட்டிய பிறகுதான் என்று புது விதி எழுதியிருப்பதைப் பேராசிரியர் சொன்னார். மாணவி அழுதுவிட்டாள். "ஏட்டி, நீ எதுக்கு அழுத? ஒரு நா மினி பஸ்ல ஏறிப் பாரு, எல்லாம் சரியாப் போவும்" என்றார் அண்ணாச்சி. இப்போது அவள் வாரத்தில் இரண்டு நாள் மினி பஸ்ஸில்தான் வருகிறாள்.

பேராசிரியர் கடைசியில் தயங்கித் தயங்கி, பல்கலைக்கழகத்தில் சாயங்கால வகுப்பு ஒன்று தொடங்கலாம், அண்ணாச்சி வந்தால் ஆறு மாதத்தில் வாசிக்கப் பழகிவிடலாம் என்றார். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்பம் படிச்சு நான் எந்த பஸ்ஸைப் புடிக்கப் போறேன் சார்?" என்றார். பேராசிரியர் வற்புறுத்தவில்லை. வகுப்பு மட்டும் அடுத்த மாதமே தொடங்கியது. முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் கேட்டில் நிற்கிற காவலரின் சிபாரிசு, மூன்று பேர் கதைப் பெட்டியைக் கேட்டுவிட்டு, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள்.

மன்னிப்புக் கேட்கப் போன அன்று, இரண்டு நாளாக வாயடைத்து வைத்திருந்த பெட்டியைக் கழற்றி எடுத்துப் போகிறோம் என்று நான் தூணருகே குனிந்தேன். அப்போது ஒரு வண்டி உள்ளே திரும்பியது. ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டி, "வடகரை, வடகரை" என்று கத்தினான். அண்ணாச்சி மைக்கை எடுத்து, வடகரை வண்டி வந்துவிட்டதை ஊருக்கே சொன்னார். பள்ளிக்கூடச் சீருடையில் நாலைந்து பெண்கள் ஓடி வந்து ஏறினார்கள். எந்தப் பெண் என்று அவர் கணேசனிடம் கேட்டு வைத்திருந்தாரோ என்னவோ, வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மைக்கை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். முருகையா, செங்கோட்டை என்று வாசித்துக் காட்டினேன்.

"முருகையா யாரு டீச்சர்? அவனை எடுத்துருங்க. பரமசிவன், தென்காசின்னு போட்டு இங்கனயே வைங்க. நான் வாசிக்க மாட்டேன், மத்தவன் வாசிப்பாம்லா."

ஒருவரின் பெயரை மறைப்பது எப்படி என்று பல்கலைக்கழகம் எனக்கு மூன்று நாளில் கற்றுக்கொடுத்துவிட்டது, தெரிந்ததைத் தெரியாததுபோல் பதினாறு வருஷம் வைத்துக்கொள்வது எப்படி என்பதற்குத்தான் மினி பஸ் நிலையம்வரை போக வேண்டியிருந்தது.